ஒற்றைத் தடம்

கினியாவிலிருந்து அபீலியு முழுசாகத்தான் வந்தான்.
பெனிஷ் ஆலையில் டப்பாவில் மத்தி அடுக்கும் பெண்கள்
எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்:
ரெண்டு கை, ரெண்டு கால்,
கொடுத்துவைத்தவள் நீ.

கட்டில் ஆகாது அவனுக்கு.
அடுப்படிக் கல்தரையில் கதவைப் பார்த்தபடி படுக்கிறான்.
மூன்று வருஷம் நானே அடைத்த படகுக்கடன் சீட்டை
ஒருநாள் கேட்டான், காட்டினேன்.
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டவன் போல
மடித்துத் திருப்பித் தந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து கடற்கரைக்கு நடப்போம்.
நான் முன்னே.
என் பாதம் பதிந்த குழியிலேயே பூட்ஸை வைத்து
அவன் பின்னே.
கண்ணிவெடி கற்றுத்தந்த நடை.
அவனுக்குத் தோதாக
நானும் இப்போது எட்டி எட்டி வைக்கிறேன்.
திரும்பிப் பார்த்தால் ஈரமணலில்
ஒரே ஆள் போன தடம்.

இன்று சிடாலியா,
நாலு வயசு, அவனை இன்னும் 'அந்த மாமா' என்பவள்,
நண்டைத் துரத்தி
வரிசை விட்டுத் துள்ளினாள்.

அவன் போட்ட கூச்சலில்
கடற்காகங்கள் மொத்தமும் எழும்பின.

ஒன்றும் வெடிக்கவில்லை.
வளைக்குள் விரல் விட்டுத் துழாவுகிறாள் குழந்தை.
அலை வந்து
என் தடத்தை வழித்துக்கொண்டு போக
அபீலியு
ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான்,
எங்கே வைப்பதென்று
என் முகத்தைப் பார்க்கிறான்.