இரண்டுக்கு ஒன்று

வலது ஓரத்தில் ஹஃபிசுல் இருக்கும்வரை
எங்களுக்கு யாரிடமும் பயமில்லை.
பந்து அவன் காலில் ஒட்டியிருக்காது,
சோறு போட்டவளைச் சுற்றும் பூனை மாதிரி
இரண்டடிக்குள் திரியும்.
நடுவில் வெய் லூன். கத்த மாட்டான்.
கையை மட்டும் காட்டுவான்,
அங்கே ஏற்கெனவே ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான்.

கார்னர் என்றால்தான்
எனக்கு வயிறு கலங்கும்.
லோகேந்திரன் நல்ல கீப்பர்,
கோட்டை விட்டு வெளியே வர மட்டும்
யாரிடமோ அனுமதி கேட்டு நிற்பான்.
இடது பேக், பிறையில் இரவு ஷிப்ட் முடித்து
ஃபெர்ரியில் தூங்கிக்கொண்டே வருகிறவன்.
முதல் பாதியில் அது தெரியாது.

எல்லாம் கோச் தப்பு என்கிறார்
பக்கத்தில் கச்சான் கொறிக்கும் சபாபதி.
கோச் என்ன செய்வார்?
பெஞ்சில் இருப்பதே மூன்று பேர்,
அதில் ஒருவன் அவர் மகன்.

இரண்டுக்கு ஒன்று. நாங்கள் முன்னால்.
ஜெலுத்தோங் திடலில் கடிகாரம் பழுது;
இடது பேக் குனிந்து
முழங்காலைப் பிடிப்பதை வைத்தே
எண்பதாவது நிமிடம் என்று சொல்லிவிடுவேன்.

அவர்களுக்குக் கார்னர்.
குடையை விரிக்கிறேன்.
மழை இல்லையே என்கிறார் சபாபதி.
வரும், என்கிறேன்
துணிக்குப் பின்னாலிருந்து.