கூடுதல் எடை

மூன்று வருடத்துக்கு முன்பு
இதே காத்மாண்டு விமான நிலையத்தில்
அண்ணனின் பெட்டி இரண்டு கிலோ கூடிப்போனது.
கவுண்டரில் இருந்த பெண்
முள்ளை மட்டும் காட்டினாள்.
தரையில் குந்திக் கயிற்றை அவிழ்த்து
அண்ணி கட்டிக்கொடுத்த கினமாவை,
உப்பும் மிளகாயும் போட்டு வறுத்த புளித்த சோயாவை,
பொட்டலத்தோடு என் கையில் திணித்தான்.
வரிசை முழுக்க மூக்கைப் பொத்த
சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.
திரும்பும் பஸ்ஸில் நானே தின்று தீர்த்தேன்.
அண்ணியிடம் சொல்லவில்லை.

இன்று சரக்கு வாசல்.
நூற்றுப் பதினாறு கிலோ என்று சீட்டு சொல்கிறது.
கூடுதல் கட்டணம் யாரும் கேட்கவில்லை.
ஹர்கமான் நெம்பாங், வயது முப்பத்து நான்கு,
தோஹாவிலிருந்து,
இதயம் நின்றதால் மரணம்.
இதயம் நிற்காமல் செத்தவன் எவன் என்று
கேட்க வாயெடுத்தேன்.
குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார்.
அன்றைக்கு அவருக்கு அது நான்காவது பெட்டி.
'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லுக்குக் கீழே
கையெழுத்துப் போட்டேன்.

லாரியில் ஓர் இரவும் ஒரு பகலும்.
இலாம் தாண்டிய மூடுபனியில்
ஓட்டுநர் கஜுர்மான் முதல்முறையாகப் பேசினார்:
"உங்களுடையவர் அசையாமல் வருகிறார்.
போன வாரம் ஒருவர்
வளைவுக்கு வளைவு இடித்துக்கொண்டே வந்தார்."
சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
ஃபிதிம் வரை
அதற்கப்புறம் வைப்பர் சத்தம்தான்.

ஊரில் குழி தயாராக இருந்தது.
அவன் உயரம் தெரிந்தவர்கள்,
அவன் தோள் அகலம் தெரிந்தவர்கள் வெட்டியது.
பெட்டி இறங்கவில்லை.
ஒரு முழம் நீளம்.
இன்னும் வெட்டலாம் என்றார்கள்;
தலைமாட்டில் பாறை.
மழை வேறு.
சுன்மதி அண்ணி குடையைக் கீழே வைத்தாள்.
"பெட்டியையா நான் கட்டிக்கொண்டேன்?
திறங்கள்."

திறக்கக்கூடாது என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தது.
எங்கள் மொழியில் ஒட்டவில்லை.
கடப்பாரையை நான்தான் போட்டேன்.

தாடி வைத்திருந்தான்.
ஒரு வாரத் தாடி,
போனில் கடைசியாகப் பார்த்தபோது இல்லாதது.
சமவெளியில் அந்த வீட்டு மனைக்கு
இன்னும் எண்பதாயிரம் குறைகிறது என்று
அன்று சொல்லிக்கொண்டிருந்தான்,
பின்னால் யாரோ தட்டுகளை உருட்டிக்கொண்டிருக்க.

ஃபெதாங்மா கை நீட்டினார்:
காசு வேண்டும்.
மண்ணுக்குச் சொந்தக்காரர்களிடம்
இடத்தை விலைக்கு வாங்கித்தான் படுக்கவைக்க வேண்டும்.
என் பையில் நனைந்த நோட்டுகள்தான்.
அண்ணி, பிளாஸ்டிக் உறையில் வந்த
அவன் மணிபர்ஸைக் கவிழ்த்தாள்.
ஒரு திர்ஹாம் நாணயம்.
பாய்மரக் கப்பல், இரண்டு ஈச்சமரம்.
"இது இங்கே செல்லுமா?"
கூட்டத்தில் எவனோ கேட்டான்.
ஃபெதாங்மா அதைப் புரட்டிப் பார்த்தார்,
வேட்டியில் துடைத்தார்,
குழிக்குள் போட்டார்.
வாங்கியாயிற்று,
இனி யாரும் உரிமை கேட்டு வரக்கூடாது என்று
பாறையைப் பார்த்து மூன்று முறை சொன்னார்.
நாங்கள் கையால் இறக்கினோம்.
இடுப்புப் பக்கம் நான்.
அத்தனை எடையும்
பலகையுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

நான்கு நாள் உப்பில்லை, எண்ணெயில்லை.
காலிப் பெட்டி மாட்டுக்கொட்டகை ஓரம் கிடக்கிறது.
நல்ல மரம்.
எரிக்க ஒருவருக்கும் கை வரவில்லை,
கேட்டு வாங்கிப்போகவும்.
இரண்டாம் நாளே கோழி ஒன்று
அதற்குள் ஏறிப் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் இரவு,
வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே,
அண்ணியிடம் சொன்னேன்:
அன்று அந்தக் கினமாவை நான்தான் தின்றேன்.
"தெரியும்.
இறங்கிய அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார்."
கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினாள்.
"உப்பு சரியாக இருந்ததா?"

கொஞ்சம் கம்மிதான் என்றேன்.

"அவசரத்தில் போட்டது" என்றாள்.