இடச்சிறகு

பெரியபட்டணத்து உம்முல் ஹபீபா
வான்கோழி அறுக்கும் நாளில் போன் செய்தாள்.
கறி வேண்டாம், சிறகு போதும் என்று
மீன்கூடைக்காரிகளோடு பஸ் ஏறிப் போனேன்.
இரண்டு சிறகையும்
தனித்தனிப் பையில் கட்டச் சொன்னேன்.
"ரெண்டும் ஒரே கோழிதானே?"

ஒரே கோழிதான்.
ஆனால் இடச்சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும்,
வலச்சிறகின் இறகு மறுபக்கம்.
அம்புக்கு மூன்று இறகு.
மூன்றும் ஒரே தோளிலிருந்து வரவேண்டும்.
கலந்துவிட்டால் அம்பு
சம்பள நாள் இரவில் கரையேறுகிறவனைப் போல
எந்த வீட்டுக்குப் போவதென்று யோசிக்கும்.

பந்தல்காரரிடம் வாங்கிய மூங்கில்.
பிளந்து, சீவி, உருட்டி,
கோணிய இடத்தைக் கோயில் மெழுகுவர்த்தியில் காட்டி நிமிர்த்தி,
இரண்டு நாற்காலிக்கு நடுவே கிடத்தி,
வலையின் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு
எத்தனை தொய்கிறதென்று
ஸ்கேலில் பார்த்தேன்.
இருபத்து மூன்றில் ஆறு தேறியது.
மீதி
தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன்களுக்கு
முட்டுக்கொடுக்கப் போயிற்று.

அடுப்புச் சுருள்கம்பியைப் பிறையாக வளைத்து
பேட்டரியில் மாட்டினால் சிவக்கும்.
அதில் சுழற்றினால்
இறகு தன் வடிவு வரைக்கும் கருகி நிற்கும்.
தெரு முழுக்க நாற்றம்.
அமலோற்பவம் சன்னலில் முகம் வைத்தாள்:
"தவக்காலத்துல யாரு வீட்டுல கோழி வாட்டுறது?"

உப்புக்காற்றில் பசை பிடிக்காது.
இந்த ஊரில் ஈரமில்லாத இடம்
ஐஸ் பிளான்ட்டின் ஜெனரேட்டர் அறை ஒன்றுதான்.
இரவுப்பணிக்கு ஆறையும் கூட்டிப்போனேன்.
ராயப்பன் கேட்டார்,
"யாரு மேல விடப்போற?"
தெர்மாக்கோல் மேல், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இறகின் முனையில் தங்கூசியைச் சுற்றி
வலை முடிச்சுப் போட்டபோது மட்டும்
எட்டிப் பார்த்து
"இன்னொரு சுத்து" என்றார்.

வீட்டில் இன்ஜின் பேச்சு.
பல்லுச்சக்கரம் போய் ஒன்பது நாள்.
என் சீட்டுப்பணத்தில் வாங்கிய வில்
சுவரில் தொங்குகிறது.
கொழுந்தன் பிரிட்டோ அதைப் பார்த்தபடி சோறு தின்கிறான்.
வில்லை வில், என்கிறான்.
பொருளையும் கட்டளையையும்
ஒரே சொல்லில் வைத்திருக்கிறது இந்த மொழி.
எனக்குத்தான் பதில் சொல் கிடைக்கவில்லை.
குழம்பு ஊற்றினேன்.

ஞாயிறு, பூசை முடிந்ததும்,
உடைந்த மீன்பெட்டிகளைக் கரையில் அடுக்கினேன்.
நெயில்பாலிஷில் ஒரு வட்டம்.
முதல் அம்பு
வட்டத்துக்கு நான்கு விரல் இடப்பக்கம்.
இரண்டாவதும் நான்கு விரல்.
மூன்றாவது, இரண்டாவதை உரசிக்கொண்டு.
நான்கு. ஐந்து.
கடையில் வாங்கியது ஒன்று இருந்தது, அதையும் விட்டேன்,
நேராக நடுவில் போய்க் குத்தியது.
அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆறாவது
பெட்டிகளைத் தாண்டி
உடைமரத்தைத் தாண்டி
கடலுக்குள்.

மூங்கில் மிதக்கும் என்பது நினைவுக்கு வருமுன்
பிரிட்டோ சட்டையோடு இறங்கிவிட்டான்.
வேலையில்லாத ஒன்பது நாளையும் சேர்த்து
நீந்தினான்.
திரும்பி வந்து
இறகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான்.
"மதினி, இதுல ஒண்ணு மட்டும்
அந்தப் பக்கம் வளஞ்சிருக்கு."

நான் அவனுக்குச் சிறகைப் பற்றி
ஒன்றும் சொன்னதில்லை.

பழைய வட்டத்தைச் சுரண்டிவிட்டு
நான்கு விரல் தள்ளிப் புதிதாக வரைந்தேன்.
"ராமநாதபுரத்துப் போட்டியில
வட்டத்த நகத்த விடுவாங்களா?"
நான் நகர்ந்துக்குவேன், என்றேன்.

கொண்டல் காற்றில் மணல் எழும்பியது.
ஈர இறகை முழங்காலில் ஒற்றியபடி
சக்கரம் என்ன விலை என்று கேட்டேன்.
அவன் வாயைத் திறந்தான்,
பிறகு
ஐந்து அம்பையும் பிடுங்கி வரப் போனான்.