ஈரச் சாக்கு

மேல்கணக்கிலிருந்து நிலுஷா வந்து சேர்ந்தால்
இங்கே எட்டு மணி.
மழை நாளில் எட்டு மணி
ஒன்பதுக்குத்தான் ஆகும்.
பழைய பிள்ளைக் காம்பரா இது.
தொட்டில் கட்டிய கொக்கிகளில்
இப்போது நனைந்த குடைகள்.

முதல் பாடம் அட்டைக்கடி.
விரலிடுக்கில் உப்பு வைத்து,
விழுந்ததை எண்ணிச் சுவரில் எழுதுகிறோம்:
செவ்வாய், பதினொன்று.
நாலு என் காலில்.
ஆளுக்குச் சமமாய்ப் பங்கிட்டால்
மீதி வருகிறது.
மீதியை யாரும் ஏற்பதில்லை.

அப்புறம் பால்மா டின்னைக் கவிழ்ப்போம்.
ஆளுக்கொரு தாள், தாளுக்கொரு கேள்வி.
இன்று ரொபின்சனுடையது வந்தது:
"ஈரச் சாக்கு எதனை கிலோ?"
ஒரு 'த்' குறைகிறது,
கேள்வியில் ஒன்றும் குறையவில்லை.
தெரியாது என்றேன்.
இந்த அறையில் நான் அதிகம் சொல்வது அதுதான்.
கலாசாலையில் இரண்டு வருஷம்
அதை மட்டும் பழக்கித் தரவில்லை.

முனாஸ் கடைத் தராசை இரவல் வாங்கி
மூன்று பேர் சுமந்து வந்தார்கள்.
பீலியில் சாக்கை முக்கினார்கள்,
முக்கியவனும் முக்கால்வாசி நனைந்தான்.
சொட்டச் சொட்ட, எழுநூற்று நாற்பது கிராம்.
பிழிந்தால், ஐந்நூற்றுப் பத்து.
கயிற்றையும் சேர்க்கணும் என்று ஒரு சண்டை.
சேர்த்தோம். முப்பது கூடியது.
ரொட்டி தின்று முடியும் வரை தொங்கவிட்டு
மறுபடி நிறுத்தோம்.

யோகமலர் மட்டும் முள்ளைப் பார்க்கவில்லை.
"மடுவத்துல மூணு கிலோ கழிக்கிறாங்க"
என்றாள், சாக்கிடம் சொல்வதுபோல.
பிறகு தரையில் கரிக்கட்டியால்
மூன்றிலிருந்து எடுத்தாள்.
கழித்தல் அடுத்த மாதம் என்று
நான் குறித்து வைத்திருந்தேன்.

பின்னேரம் கணக்கப்பிள்ளை வந்தார்.
வாசலில் நின்றபடியே
தரையைப் படித்தார், தராசைப் படித்தார்.
"டீச்சர், என்ன படிப்பிக்கிறீங்க?"
"கணக்கு."
"எந்தக் கணக்கு?"
மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்று
அவர் கேட்கவில்லை, அது எனக்குப் புரிந்தது.
பிள்ளைகள் பதினாலு பேரும்
ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள்,
கிராமில்.

இருட்டும் முன் தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"நாளைக்கும் இதுக்கு ஆள் இருக்கு,
மூணு வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்காங்க"
என்றார் முனாஸ்.
பருப்பு நிறுக்க எதுவுமில்லாமல்
கையால் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புதன். அட்டை ஏழு.
டின்னில் பதினைந்து தாள்.
கூடுதல் தாளில் பென்சில் அழுந்தி
மறுபக்கம் தடித்திருக்கிறது,
தேயிலைக் கறை ஓரமெல்லாம்.
நான் இன்னும் பிரிக்கவில்லை.
நிலுஷா வரட்டும்,
எட்டு மணி ஆகட்டும்.