சுவருக்கு மேலாக வந்த புத்தகம்

பெர்கனில் எட்டாம் நாளாக மழை.
தொழுநோயர் இல்லத்துக் கூடத்தில்
மீனெண்ணெய் விளக்கு ஒன்று புகைகிறது.
விரல்கள் ஏழு மிச்சமிருப்பதால்
பக்கம் புரட்டும் வேலை எனக்கு.

பாதிரியின் விதவை
கைக்குட்டை நனைய அழுது படித்த கதையாம்.
நூற்றுப்பத்தாம் பக்கத்தில்
மை கலைந்த வட்டங்கள் நாலைந்து, நானே பார்த்தேன்.
வாசல் வரை வந்தாள்.
உள்ளே வரவில்லை.
சுவருக்கு மேலாக எறிந்துவிட்டுப் போனாள்.
சேற்றில் விழுந்து முதுகு பிளந்ததில்
கடைசித் தாள்கள் போய்விட்டன.

கரிமண் வெட்டுகிறவர்கள்
சதுப்பில் தோண்டியெடுத்த உடம்பு அது.
பதனிட்ட தோல் போல முகம்.
கொட்டகையில் கிடத்தி வைத்த இரவு
கண் விழிக்கிறது.
எத்தனை நூறு வருஷம் கிடந்ததோ,
தன் பெயர் ஞாபகமில்லை.
ஒரு வீட்டு ஜன்னலைத் தட்டி
கொஞ்சம் பால் கேட்கிறது.
நாயை அவிழ்த்துவிடுகிறார்கள்.

அந்த வரியில் என் வாய்
அச்சை மீறியது.
'அது ஓடியது' என்றிருந்ததை
'அவன் ஓடினான்' என்று படித்தேன்.
கண் போன மோன்ஸ் மட்டும்
தலையைத் திருப்பினார்.

ஊலினா சீறினாள்:
"பின்னாடி ஒரு பிள்ளையை ஆத்துல அமுக்குச்சே,
அதையும் படி.
கொன்னதுக்குப் போய் அழறாங்க ஊருக்குள்ள.
நாம யாரைக் கொன்னோம்?
நமக்கும் நாயைத்தானே அவிழ்த்தாங்க!"

யாரும் பதில் சொல்லவில்லை.
கூரை ஒழுகும் இடத்தில்
வாளி நிறைந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு.
என்னை இங்கே கொண்டுவந்து இறக்கிய மாலை
பிரித்தா விளக்கோடு வந்தாள், வரவேற்க.
மூக்கிருந்த இடத்தைப் பார்த்து
வீறிட்டேன்.
விளக்கைக் கீழே வைத்துவிட்டு
வெளிச்சத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்,
நான் கஞ்சி குடித்து முடிக்கும் வரை.
மன்னிப்பு கேட்க நினைத்து நினைத்து
பதினோரு வருஷம் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.
போன டிசம்பரில் புதைத்தோம்.

விளக்கை அணைத்த பிறகு
பக்கத்துக் கட்டிலில் ஊலினா புரண்டாள்.
ரொட்டி அடுப்பில் உள்ளங்கை வெந்ததை
நாற்றம் வந்தபின் தெரிந்துகொண்டவள்.

"ஏண்டி,
நாய் கடிச்சப்போ
அவனுக்கு வலிச்சுதா?"

புத்தகத்தில் போடவில்லை என்றேன்.

"வலிச்சிருக்கும்" என்றாள்
கொஞ்ச நேரம் கழித்து.
பொறாமை போலிருந்தது குரல்.