ஐந்தில் ஒன்று

ஐந்து தோட்டாக்களில் ஒன்றுக்குத்தான்
பின்புறம் எரியும்.
மற்ற நான்கும் இருட்டிலேயே போய்
இருட்டிலேயே வேலையை முடிக்கும்.
விளையாடுகிறவர் பார்ப்பது அந்த ஒன்றை.
எனக்குச் சம்பளமும் அந்த ஒன்றுக்கே.

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி.
குளிரூட்டி சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டின்.
ஏழு மாதமாக நெருப்புக்கு நிறம் பார்க்கிறேன்,
ஆரஞ்சா, வெளுத்த சிவப்பா,
நடுவில் வெள்ளை எவ்வளவு என்று.
வால் மட்டும் முடிவாகிவிட்டது: பதினான்கு மீட்டர்.
விமானத் துப்பாக்கியோடு பூட்டிய பழைய கேமராவின் சுருளைச்
சட்டம் சட்டமாக நிறுத்தி அளந்தது.

நஸ்மி ஓட்டிப் பார்த்துவிட்டு
"கக், இது லேசர்" என்றான்.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
படச்சுருள் பொய் சொல்லுமா?

சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவு.
படகுத்துறை நெடுக மேசைகள்,
மேசைக் கால்களில் கட்டிய முழுக் கரும்பு,
கனலும் தங்கத் தாள்.
மணி பன்னிரண்டுக்கு வானம் கிழிந்தது.
ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் சூடான அப்பம் பாலிக்.
வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால்
ஒவ்வொரு பொறிக்கும் நீண்ட கோடு.

நான் பார்த்தது கோடு இல்லையே.
புள்ளி.
மேலே போகப் போக வேகம் குறைந்து,
யாரோ கூப்பிட்டு நின்றதுபோல் நின்ற புள்ளி.
கோடு என்பது
ஷட்டர் திறந்திருந்த நேரத்தின் நீளம்.
ஏழு மாதமாக நான் வரைந்தது நெருப்பை அல்ல,
என்றோ உடைந்த ஒரு கேமராவின் இமைப்பை.

மறுநாள் பதினான்கை அழித்து
ஒன்றரை என்று எழுதினேன்.
நஸ்மிக்கு ஒரு தே ஓ லிமாவ் வாங்கிக் கொடுத்தேன்,
எதற்கென்று சொல்லவில்லை.
சியா ஹுவாட் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
மூன்று முறை சுட்டுப் பார்த்தார்.
"கணக்கு சரிதான், தவமணி.
ஆனால் நிஜம் மாதிரி இல்லையே."
வாங்குகிறவர்கள் கண்ட போரெல்லாம்
சுருளில் கண்டதுதான்; அவரும், நானும்.
மீன் விலை பேசுவதுபோல் பேசி
ஆறு மீட்டரில் நின்றோம்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
மூன்று நொடியில் எதையும் தொடாத தோட்டாவை
நினைவகம் மிச்சமாகட்டும் என்று
நிரல் கலைத்துவிடும்.
எங்கள் போரில் குறி தவறியது
எங்கேயும் விழுவதில்லை.
எல்லோரும் போன பிறகு
என் கணினியில் மட்டும் அந்த வரியைத் தூக்கினேன்.

நாற்பத்தொன்று, டிசம்பர், மேகம் குறைவு.
பட்டர்வொர்த்தில் எழுந்து நீரிணையைத் தாண்டி
எதையும் குறிவைக்காமல்
வடமேற்கே ஒரு சின்ன அழுத்தல்.
தொள்ளாயிரம் மீட்டரில் சுடர் அணைந்தது.
அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.
காத்திருந்தேன்.

தஞ்சோங் தோக்கோங்குக்கு அப்பால் வெறும் கடல்.
மண் கொட்டி நிரப்ப இன்னும் அறுபது வருடம் இருக்கிறது.
அந்த மண்ணின்மேல் இருபத்திரண்டு மாடி,
ஒன்பதாவதில் என் கட்டில்,
காயப் போட்ட துணி, மடிக்காத போர்வை.

நீரில் ஐந்து வெள்ளைத் தெறிப்புகள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஐந்தும் ஒரே அளவு.
எரிந்து வந்தது எது என்று
எனக்கே தெரியவில்லை.