இடம் போதவில்லை

பெர்கனில் பதினோராவது நாளாக மழை.
கீழ்வீட்டுக்காரர் இரவுப் பணி பார்த்துப் பகலில் தூங்குகிறவர்.
அதனால் ரங்ஹில் ஹெட்போனுக்குள்தான்
டிரம் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.
அடிப்பது என்றால்
சுட்டுவிரலால் ஒரு சதுரத்தை அழுத்துவது.

முதல் மென்பொருள்
பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை.
எல்லாம் துடைத்து வைத்திருக்கிறது.
கிக் விழுந்தால் தரை அதிர்கிறது,
ஸ்நேர் விழுந்தால் கண்ணாடி.
எந்தப் பாட்டைக் கொடுத்தாலும்
கார் விளம்பரமாக்கித் தருகிறது.
பத்து நாள் சோதனைக் காலத்தில்
ஒன்பதாம் நாள் அதை மூடினாள்,
பந்தியில் உட்கார்ந்து
சாப்பிடாமல் எழுந்து வருகிறவளைப் போல.

இரண்டாவதில் ஒரு குமிழ் இருக்கிறது.
பெயர் 'மனிதத்தன்மை'. பூஜ்யத்திலிருந்து நூறு வரை.
முப்பதில் வைத்தாள், லேசாகத் தடுமாறியது.
எழுபதில் வைத்தாள், குடித்திருந்தது.
நூறில்
கவிழ்ந்த பாத்திரக் கடை.
ஐவின் இதில் எத்தனை என்று யோசித்தாள்.
நாற்பத்திரண்டு இருக்கும்.
வெள்ளிக்கிழமைகளில் ஐம்பத்தைந்து.

ஐவின் சாகவில்லை. சண்டையும் இல்லை.
ஹாமர்ஃபெஸ்டில் வேலை கிடைத்தது,
கூடவே ஒரு மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும்.
டிரம் செட் விற்ற காசில்
இரண்டு குழந்தைகள் உட்காரும் தள்ளுவண்டி வாங்கிப்
படம் அனுப்பியிருந்தான்.
சக்கரங்களை எண்ணிவிட்டு மாரித் சொன்னாள்:
"இதுவும் நாலு பீஸ் செட்டுதான்."

மூன்றாவதுதான் வம்பு.
தொண்ணூற்றிரண்டு ஜி.பி.
ஒரே ஸ்நேரை ஒரு மனிதன்
நூற்று இருபத்தேழு விதமான வலுவில் அடித்திருக்கிறான்.
கடைசி அடி, கோபத்தில் அறைந்த கதவு.
முதல் அடி,
விழுந்ததா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியது.
மாதிரி ஒலியில் அந்த முதல் அடியை மட்டும்
வால்யூமை ஏற்றி ஏற்றிக் கேட்டாள்.
குச்சி தோலைத் தொடுவதற்குச் சற்று முன்
ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
யாரோ மூக்கால் மூச்சு விட்டார்கள்.
யார் என்று எங்கும் எழுதவில்லை.
மைக்குகளின் பெயர் மட்டும் பதினாறு வரி.

வாங்கு என்ற பொத்தானை அழுத்தினாள்.
பணம் கேட்பதற்கு முன்
அது இடம் கேட்டது.
போதவில்லை.

வரிக் கணக்கை அழிக்க முடியாது.
பழைய காதலன் மொத்தமே மூன்று ஜி.பி.,
அழித்தாள், யானைப் பசிக்குச் சோளப்பொரி.
வெளியே மாட்டும் டிஸ்க் வாங்கலாம்,
கடை திங்கள்தான் திறக்கும்,
பாட்டு ஞாயிறு நள்ளிரவுக்குள் போக வேண்டும்.
மிச்சம் ஒரு கோப்புறை:
'ஒத்திகை, படகுக் கொட்டகை'.
நான்கு குளிர்காலம், எண்பத்தெட்டு ஜி.பி.
ஐவினின் முதுகு,
ஹை-ஹாட் மேல் காயப்போட்ட கையுறை,
எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி வருகிற ஸ்நேர்.

"உன்னை அழிக்கலாமா?" என்று செய்தி அனுப்பினாள்.
பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருப்பான்,
நாற்பது நிமிடம் கழித்துப் பதில்.
"தாராளமாக. நான் நன்றாக அடித்தது
அதில் ஒன்றுகூட இல்லை."
உடனே இன்னொன்று:
"ஒன்று இருக்கிறது. பிப்ரவரி, ஹீட்டர் கெட்ட அன்று.
பதினேழாவது நிமிடம் பார்."

பார்த்தாள்.
எல்லோரும் கோட்டோடு நிற்கிறார்கள்.
பதினேழாவது நிமிடத்தில் ஒரே ஒரு அடி,
குளிரில் இறுகிய தோலின் மேல், நட்ட நடுவில்,
வேர்க்கடலை ஓட்டை உடைத்த மாதிரி.
அதை மட்டும் வெட்டி எடுத்தாள்.
ஒரு எம்.பி. கூட இல்லை.

சங்கடம் ஒன்றுதான்.
அடியின் வால் அடங்குவதற்குள்
மாரித் இருமிவிடுகிறாள்.
குறைத்துப் பார்த்தாள், வடிகட்டிப் பார்த்தாள்,
இருமல் போனால் கொட்டகையும் போகிறது,
கொட்டகை போனால்
மறுபடி பல் டாக்டர் வீடு.

ஞாயிறு பதினொன்றரைக்கு
மாரித் பாட்டைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள்.
"டிரம் பிரமாதம். எந்த மென்பொருள், என்ன விலை?"
அப்புறம் கொஞ்சம் பொறுத்து,
"ஆமாம், பாட்டு முழுக்க யாருக்கு ஜலதோஷம்?"